குன்னூரில் ஜே.டி. எழுதித் தரும் சர்வீஸ்: 2,500 ரூபாய்க்குத் தேறுமா?

டீ ஃபேக்டரிக்கும் ரிசார்ட்டுக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கும் குன்னூர் கன்சல்டன்சி ஒன்று (பெயர் வேண்டாம்) ஜே.டி.யை, அதாவது ஒரு பதவியின் தகுதி, பணிகளைச் சொல்லும் வேலைக் குறிப்பை, தனியாகவும் எழுதித் தருகிறது. ஒரு பதவிக்கு 2,500 ரூபாய், மூன்று நாள். இங்கே பார்ப்பது, எஸ்டேட்டும் ஃபேக்டரியும் சேர்ந்து 280 தொழிலாளர் உள்ள இடத்தில் ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு வாங்கிய ஜே.டி.

சொன்ன நாளில் வந்தது, இரண்டே பக்கம். கட்டாயத் தகுதி வேறு, இருந்தால் நல்லது என்பது வேறு என்று பிரித்திருக்கிறார்கள். உருப்படியான வேலை. பல இடங்களில் இரண்டையும் கலந்து போட்டுவிட்டு விண்ணப்பமே வரவில்லை என்று புலம்புவார்கள்.

கோளாறு பணிகள் பகுதியில். 'சட்டப்பூர்வ இணக்கங்களைக் கவனித்தல்' என்று ஒரே வரி. படிப்பவருக்கு ஃபைல் அடுக்கும் வேலை போலத்தான் தெரியும். உண்மையில் மஸ்டர் ரோலும் (வருகைப் பதிவேடு) இலை எடைக் கணக்கும் எஸ்டேட்டின் டிவிஷன்களிலிருந்து வந்து சேர்ந்தால்தான் சம்பளப் பட்டியல் போட முடியும். அதை முடித்து அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் பி.எஃப். கட்ட வேண்டும், தவறினால் வட்டியும் அபராதமும். தீபாவளிக்கு முன் 8.33-க்கும் 20 சதவீதத்துக்கும் நடுவே யூனியனோடு போனஸ் பேச வேண்டும். ஹெச்.ஆருக்கு வருஷத்திலேயே கடினமான வாரம் அதுதான், அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) வரி ஏதோ ரிசார்ட் டெம்ப்ளேட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தேயிலைத் தயாரிப்பு 1948 இ.எஸ்.ஐ. சட்டத்தில் பருவகாலத் தொழிற்சாலை என்ற விளக்கத்துக்குள் வந்ததால் அதற்கு வெளியே நின்றது. தோட்டங்கள் விரும்பினால் சேரலாம் என்பது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தந்த வழி. சேர்ந்திருக்கிறீர்களா என்று கேட்காமல் எழுதக் கூடாத வரி.

பெரிய தப்பு இன்னொன்று. நல அலுவலர் தேவையில்லை என்று போட்டிருந்தார்கள். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி 300 பேர் இருந்தால்தானே என்ற பழைய கணக்கு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த எண் 250. அப்படியானால் 280 பேர் உள்ள இடத்தில் அந்த வேலையும் இவர் தலையில் விழுமா, தனி ஆள் வருவாரா என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். தகுதியும் சம்பளமும் அதைப் பொறுத்தே மாறும்.

'சிறந்த தகவல் தொடர்புத் திறன்' என்ற வரிக்கு இங்கே அர்த்தமே கிடையாது. ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் லைன் வீடுகளில் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) இருக்கிறார்கள். 'பேச்சு இந்தி கட்டாயம், படுகு (படுகர் மொழி) தெரிந்தால் நல்லது' என்று எழுதினால் வேலை முடிந்தது. பணியிடம் 'குன்னூர்' என்று மொட்டையாக இருக்கிறது. குவார்ட்டர்ஸ் உண்டா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லாவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறவர் முதல் மழைக்காலத்திலேயே இறங்கிப் போய்விடுவார்.

ஒரு திருத்தம் இலவசம், அடுத்ததற்கு 500 ரூபாய். ஆகவே ஆள் கணக்கு, மொழி, குவார்ட்டர்ஸ், பழைய ஆள் செய்த வேலைகளின் பட்டியல் நான்கையும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. திருத்திய பிரதி மறுநாளே வந்தது: 250 சரியாகிவிட்டது, இந்தி ஏறிவிட்டது, குவார்ட்டர்ஸ் இன்னும் ஏறவில்லை.