நகோயாவில் முதல் நாள்: காஸ்ப்ளே சாமானுக்கு டக்யூபின் தாங்குமா?

அனிமே, கேம் பாத்திரங்களைப்போல் வேடமிடுவதுதான் காஸ்ப்ளே. அதற்கான உலகப் போட்டியான வேர்ல்டு காஸ்ப்ளே சம்மிட் 2003-லிருந்து ஜப்பானின் நகோயாவில் நடக்கிறது. ஒரு நாட்டுக்கு இரண்டு பேர்தான் மேடையேறுவார்கள், சாமான் மட்டும் ஒரு நாடகக் குழுவுக்கு உண்டானது இருக்கும். கூடப் போகிறவருக்கு முதல் நாள் முழுக்க இருக்கிற ஒரே வேலை, அந்தப் பெட்டிகளை உடையாமல் ஹோட்டல் அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்கு ஜப்பானில் கைகொடுப்பது டக்யூபின். யமாட்டோ நிறுவனம் 1976-ல் தொடங்கிய பார்சல் சேவை இது. கறுப்புப் பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் சின்னம். ஐந்துக்கு நாலு தரலாம். குறைகிற அந்த ஒன்று எதனால் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில், ரயிலிலேயே கொண்டுபோனால் என்ன? சென்ட்ரேர் விமான நிலையத்திலிருந்து மெய்டெட்சு ரயில் நிறுவனத்தின் மியூ-ஸ்கை விரைவு வண்டி 28 நிமிடத்தில் நகோயாவுக்கு வந்துவிடும். ஆளுக்கு ஒரு சூட்கேஸ் என்றால் இதுவே போதும். ஆனால் மெய்டெட்சு நகோயா நிலையம் பூமிக்கடியில் வெறும் இரண்டே தண்டவாளத்தில் ஓடுகிறது. ஊர் ஊராகப் பிரியும் வண்டிகள் எல்லாம் அடுத்தடுத்து அதே தடத்தில் வந்து நின்று கிளம்பும். ஒன்றரை மீட்டர் பெட்டியைக் கதவில் திருப்பி இறக்க அங்கே நேரம் கிடையாது. அதன் பிறகு, ஹோட்டல் நகர மையமான சகாயேவில் என்றால், ஹிகாஷியாமா தடத்தில் சுரங்க ரயில். இரண்டாவது நிலையம்தான், ஆனால் அலுவலக நேரத்தில் உடையின் இறக்கைகளைக் கட்டி வைத்த பெட்டியோடு ஏறுவது முடியாத காரியம்.

டக்யூபினில் கணக்கு எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 200 செ.மீ.க்குள், எடை 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மிக நீளமான பக்கம் 170 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. ஈட்டி, கோல் எல்லாம் அடிபடுவது இந்தக் கடைசி விதியில்தான். 150 x 20 x 20 பெட்டி 190-க்குள் அடங்கிவிடும். அதே பருமனில் 175 செ.மீ. கோல் என்றால் இரண்டு கணக்கிலும் தோற்றுவிடும். ஆகவே கோலை 80, 90 செ.மீ. துண்டுகளாகப் பிரித்து உள்குழாய் வைத்துக் கோர்ப்பதுபோல் செய்வதே புத்திசாலித்தனம். அப்படிச் செய்தால் 158 செ.மீ. என்ற பரவலான விமான லக்கேஜ் வரம்பிலும் தப்பிக்கலாம். கட்டணத்துக்கு அளவு, எடை இரண்டில் எது மேல்படிக்குப் போகிறதோ அதுதான் கணக்கு: 120 அளவுப் பெட்டிக்கு (மூன்று பக்கமும் கூட்டி 120 செ.மீ.) 15 கிலோ வரை, 140-க்கு 20, 160-க்கு 25. கவசத்தோடு கருவிப் பெட்டியையும் திணித்தால் படி ஏறிவிடும். விமான நிலையத்தில் பார்சலைக் கொடுக்கும் கவுன்டரில் அளவு வரம்பு வேறாக இருக்கலாம், அளவைச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பார்சலில் ஒட்டும் முகவரிச் சீட்டை எழுதுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஹோட்டலுக்கு அனுப்பும்போது ஹோட்டல் பெயர், முகவரி, தொலைபேசி எண் மட்டும் போதாது. அறை யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அந்தப் பெயரும், செக்-இன் தேதியும் வேண்டும். போட்டியாளர் தன் மேடைப் பெயரை எழுதி, அறையோ வேறொருவர் பெயரில் இருந்தால், வரவேற்பில் பெட்டியை வாங்கத் தயங்குவார்கள். பொருள் விவரத்தில் 'இஷோ', அதாவது உடை என்று எழுதுங்கள். கூடவே இரண்டு ஸ்டிக்கர் கேட்டு ஒட்டச் சொல்லுங்கள்: உடையும் பொருளுக்கு 'வாரேமோனோ', தலைகீழாக்காதே என்பதற்கு 'தென்ச்சி முயோ'. பின்னது சொல்லுக்குச் சொல் பார்த்தால் மேல் கீழ் தேவையில்லை என்பதுபோல் ஒலிக்கும், ஜப்பானியரே சிலர் குழம்புவார்களாம்! இழப்பீடு ஒரு பெட்டிக்கு 3 லட்சம் யென் வரைதான். ஆறு மாத உழைப்பை ஒரே பெட்டியில் போடாமல் பிரித்து அனுப்புவதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

இனி அந்தக் குறை. டக்யூபின் பொதுவாக மறுநாள்தான் சேரும். 14-16, 16-18 என்று நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம், சொன்ன நேரத்துக்கு வந்தும் விடும். ஆனால் முதல் நாள் ராத்திரி பெட்டி உங்கள் கையில் இருக்காது. விமானத்தில் எது உடைந்தது என்று பார்க்க வேண்டிய ராத்திரி அதுதான். எனவே பெல்ட்டிலிருந்து எடுத்ததும், கவுன்டருக்குப் போகும் முன், பெட்டியைத் திறந்து பார்த்துப் படம் எடுத்துவிடுங்கள். விக், லென்ஸ், ஷூ, பழுதுபார்க்கும் பை ஆகியவை கையோடு வரட்டும். உதிரி லித்தியம் பேட்டரி விமானத்திலேயே கைப்பையில்தான் இருக்க வேண்டும், அங்கேயே இருக்கட்டும். தீப்பற்றும் காண்டாக்ட் பசையும் ஸ்ப்ரே பெயின்டும் விமானத்தில் வராது. அவற்றை நகோயா நிலையத்தை ஒட்டிய தகாஷிமாயா கட்டடத்தில் இருக்கும் ஹேண்ட்ஸ் கடையில் தேடுங்கள். 2022 வரை அதன் பெயர் டோக்யூ ஹேண்ட்ஸ்.

பழுதுபார்க்கும் பையில் ஊரிலிருந்து ஹீட் கன் (சூடான காற்றை வீசும் கருவி) கொண்டுவருவது வீண் சுமை. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். 230 வோல்ட்டுக்கான 2000 வாட் ஹீட் கன் அங்கே ஏறத்தாழ 380 வாட்தான் இழுக்கும். கவசம் செய்யும் தெர்மோபிளாஸ்டிக் (சூடேற்றினால் வளையும் பிளாஸ்டிக்) வளையாது, வெதுவெதுப்பாகக் காற்று வரும், அவ்வளவே. பசைத் துப்பாக்கி 100-240 வோல்ட் என்று அச்சிட்டதாக இருந்தால் சமாளிக்கும். ஆனால் போட்டி நடப்பது நகோயாவின் கொடும் கோடையில். சூடேறிய லாரிக்குள் அந்தத் துப்பாக்கியால் ஒட்டிய ஹாட் குளூ இளகிவிடும். பார்சலில் போகும் மூட்டுகளைக் காண்டாக்ட் பசையால் ஒட்டியிருப்பதே பத்திரம்.

திரும்பும்போது கணக்கு மாறும். விமான நிலையத்துக்கு அனுப்பும் பெட்டி பறக்கும் நாளுக்கு முந்தைய நாளே அங்கே சேர்ந்திருக்க வேண்டும், ஆகவே குறைந்தது இரண்டு நாள் முன்பே கொடுத்தாக வேண்டும். போட்டி முடிந்த மறுநாளே விமானம் என்றால் மேடையில் போட்ட உடைக்கு இந்த வழி கிடையாது. அந்தப் பெட்டியோடு மியூ-ஸ்கைதான்.