உள்ளாட்சி வேலையில் வாய்வார்த்தையை நம்பி மண்வெட்டி எடுக்காதீர்கள்

உள்ளாட்சி வேலை எடுக்கிற சின்ன கான்ட்ராக்டர்கள் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டு உங்கள் ஒப்பந்த ஃபைலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

மழைநீர் வடிகால் வேலை. டெண்டர் வரைபடத்தில் வெறும் மண் என்றுதான் போட்டிருந்தது. இடுப்பளவு தோண்டியதும் பாறை, அதைத் தாண்டி எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு பழைய குடிநீர்க் குழாய். வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளருக்குப் போன் போட்டேன். வந்தார், பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார், குழாயைச் சுற்றி எப்படிப் போக வேண்டும் என்று ஒரு காலி சிமென்ட் சாக்கின் மேலேயே பேனாவால் படம் போட்டார். "நீங்க உடைங்க, எக்ஸ்ட்ரா ஐட்டத்துல சேர்த்துக்கலாம், மழைக்கு முன்னாடி முடியணும்" என்றார். எழுத்தில் ஒரு வரி கேட்டதற்கு, "என்ன, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சாக்கையாவது எடுத்து வைத்திருக்கலாம், மறுநாள் அதில் ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பாறையை உடைத்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு மூடினோம். பில் போடும் நேரத்தில் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கேட்ட முதல் கேள்வி ஆர்டர் காப்பி எங்கே, அடுத்த கேள்வி எம்.புக்கில், அதாவது செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில், அளவு எங்கே. அளவெடுக்காமல் மூடிய பாறையை இனி எங்கே போய் அளப்பது? என் போட்டோவில் பாறை இருக்கிறது, பக்கத்தில் டேப் இல்லை. பழைய பொறியாளரிடமிருந்து எனக்கு வந்த ஒரே எழுத்து, அந்தப் போட்டோவுக்கு அவர் வாட்ஸ்அப்பில் போட்ட கட்டைவிரல்தான்.

வக்கீலிடம் போனேன். தனியார் முதலாளியின் மேனேஜர் சொன்னால் அது முதலாளி சொன்னது மாதிரி என்று பல நேரம் வாதாடிவிடலாம், ஆனால் உள்ளாட்சியில் எந்த அதிகாரிக்கு எவ்வளவு தொகை வரை கையெழுத்துப் போட அதிகாரம் என்பதை வேலை எடுப்பவர்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும், அந்த வரம்பைத் தாண்டி அவர் வாயால் சொன்னது அமைப்பைக் கட்டுப்படுத்தாது என்றுதான் பல நாட்டு நீதிமன்றங்களும் பார்க்கின்றன என்றார். பலனை அனுபவித்தவர்கள் அதற்கான மதிப்பைத் தர வேண்டும் என்று வாதாட இடமிருக்கிறதாம், ஆனால் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்று சட்டமே சொல்கிற இடத்தில் அது எடுபடும் என்று உறுதி கொடுக்க முடியாதாம்.

எழுத்து உத்தரவு இல்லாமல் பணம் தர முடியாது என்று அலுவலகத்தார் சொன்னதிலும் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய மாற்றத்தை டெண்டர் இல்லாமல் பழைய கான்ட்ராக்டருக்கே கொடுத்தால் தணிக்கையில் அவர்கள் மாட்டுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 கொள்முதல் விதிகளில்கூட, கட்டுமானத்தில் சின்ன மாற்றம் என்று விட்டுவிடுவதற்கு மூல ஒப்பந்த மதிப்பில் 15 சதவீதம்தான் உச்சவரம்பு. சரி, அப்படியானால் உடைக்கச் சொல்லும்போதே அது ஞாபகம் வந்திருக்க வேண்டாமா?

அப்புறம் காலக்கெடு. எதிர்பாராத நிலைமை தெரியவந்த 28 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் கூடுதல் தொகையும் கிடையாது, கூடுதல் நாளும் கிடையாது என்று என் ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து இருந்திருக்கிறது. ஃபிடிக் என்கிற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பு 1999-ல் வெளியிட்ட மாதிரி கட்டுமான ஒப்பந்தமான சிவப்புப் புத்தகத்தின் 20.1 ஷரத்து அப்படியே இதுதான். நான் விலைப் பட்டியலை மட்டும் நாலு தடவை படித்தவன், இந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

இதையெல்லாம் விடப் பெரிய முட்டாள்தனம் இறுதி பில்லில் நடந்தது. மீதிப் பணம் வேண்டுமானால் இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். 'எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரே வரி. கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள், போட்டுவிட்டேன். 'பாறை வேலைக்கான கோரிக்கை தவிர' என்று கையாலேயே எழுதிவிட்டுப் போட்டிருக்கலாம், அல்லது அன்றே ஆட்சேபக் கடிதம் கொடுத்திருக்கலாம். வக்கீல் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

பாறை உடைக்கும் மெஷின்காரரிடம் "எனக்கு வந்ததும் தருகிறேன்" என்று நானும் அதே வாய்வார்த்தைதான் சொன்னேன். பிரிட்டனில் கட்டுமான ஒப்பந்தங்களில் இந்த மாதிரி நிபந்தனையை 1996-லேயே சட்டம் போட்டுப் பெரும்பாலும் செல்லாததாக்கிவிட்டார்களாம். அவருக்கு என் கையிலிருந்து கொடுத்து முடித்தேன்.

இப்போது சைட்டில் யார் என்ன சொன்னாலும் அன்று மாலையே, "இன்று இத்தனை மணிக்கு இன்னார் இதைச் செய்யச் சொன்னார், எழுத்து உத்தரவும் அளவும் பதிவாகும் வரை அந்தப் பகுதியில் வேலை நடக்காது" என்று மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்பிவிடுகிறேன். போன வாரம் ஒரு அதிகாரி கோபித்துக்கொண்டு போனை வைத்தார். மூன்றாம் நாள் உத்தரவு வந்தது.