மானியமா, குழு லோனா?

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்குற அக்காமாரு சங்கம் சேர்ந்துட்டு, காசுக்கு பெண்ணிய நிதி அமைப்பு (பெண்கள் உரிமைக்குக் காசு குடுக்குற அமைப்பு) தர்ற மானியமா, பேங்க்ல குழு லோனான்னு குழம்புறாங்க.

திருப்பிக் கட்டுறது: மானியத்துக்கு இல்ல. லோனுக்கு வட்டியோட, கடல்ல இறங்க முடியாத மாசமும் கட்டணும்.

செலவு: 1983ல ஆம்ஸ்டர்டாம்ல ஆரம்பிச்ச மாமா கேஷ் மாதிரி அமைப்புங்க பெண்களே முன்ன நின்னு நடத்துற உரிமைப் போராட்டத்துக்குன்னே தருது, பாசி எடுக்க தீவுப் பக்கம் போகக்கூடாதுன்னு தடுக்குறப்ப மனு போட, கலெக்டர் ஆபீஸ் போய்வர அந்த மாதிரி காசுதான் வேணும். லோன்ல கருவாட்டு யாவாரம்தான் பண்ணலாம்.

பேப்பர்: மானியத்துல இதான் பெரும்பாடு. வெளிநாட்டுக் காசு வாங்கணும்னா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு, டெல்லி ஸ்டேட் பேங்க்ல கணக்கு வேணும், அந்தச் சட்டத்தோட 2020 திருத்தத்துக்கு அப்புறம் வேற என்ஜிஓ வாங்கி நமக்கு மாத்தி விடவும் முடியாது. லோனுக்கு மினிட் நோட்டு (கூட்டத்துல பேசுனத எழுதுற நோட்டு), கணக்கு ஒழுங்கா இருக்கணும்.

யாவாரம்னா லோன் போடுங்க. உரிமைக்குன்னா கடன் வாங்கவே வாங்காதீங்க அக்கா, சங்கத்த இப்பவே பதிவு பண்ணி மானியத்துக்குத் தயாராகுங்க.