விடுதி மாணவருக்கு யூவெர்ஷன் பைபிள் செயலி: ஜெப ஒழுங்குக்கு எவ்வளவு துணை?

விடுதியில் சேர்ந்த முதல் பருவத்திலேயே பல கிறிஸ்தவ மாணவர்களின் ஜெப வாழ்க்கை ஆட்டம் காண்கிறது. வீட்டில் இரவு அம்மா பாயை விரித்துப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் தானாகத் தொடங்கிவிடும் குடும்ப ஜெபம், கூப்பிட ஆளில்லாத இடத்தில் சத்தமில்லாமல் நின்றுபோகிறது. படிப்பும் பெரும்பாலும் அதே வழியில்தான் தளர்கிறது. தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு அப்போதுதான் முதன்முதலாக வருகிறது. கல்லூரி மாணவர் ஜெபக்குழு ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறவன் என்ற முறையில், இந்த நிலையில் மாணவர்கள் முதலில் நாடுவது யூவெர்ஷன் பைபிள் செயலியையே என்பதைக் காண்கிறேன். அதில் எத்தனையோ வசதிகள் இருக்கின்றன. மாணவரிடம் ஜெப ஒழுங்கு வேரூன்ற அது எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த லைஃப்.சர்ச் என்ற சபை, ஆப்பிளின் ஆப் ஸ்டோர் தொடங்கப்பட்ட 2008 ஜூலையிலேயே இச்செயலியை வெளியிட்டது. 2021-இல் அது 50 கோடி நிறுவல்களைக் கடந்தது. முற்றிலும் இலவசம், விளம்பரமும் கிடையாது. கைச்செலவுக்கு எண்ணி எண்ணிச் செலவழிக்கும் மாணவருக்கு முதலாவது முக்கியம். ஜெபத்தின் நடுவே சூதாட்ட விளையாட்டு விளம்பரம் குறுக்கே வராது என்பது அதைவிட முக்கியம். தமிழில் நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்போடு எளிய தமிழ் மொழிபெயர்ப்புகளும் இருப்பதால், ஆங்கில வழியில் படித்து, பழைய நடையில் தடுமாறும் பிள்ளைகள் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பொருளைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. ஜெபத்தை எப்படித் தொடங்குவது என்றே தெரியாதவருக்குப் படிப்படியாக நடத்திச்செல்லும் ஜெபப் பகுதியும் உண்டு. தொடக்க வாரங்களுக்கு அது போதுமான கைத்தாங்கல்.

வாசிப்புத் திட்டங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு பலர் முழு வேதாகமத்தையும் ஓராண்டில் முடிக்கும் திட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் டன்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மக்செயின் 1842-இல் தன் சபையாருக்காக வகுத்த புகழ்பெற்ற அட்டவணையும் இதில் கிடைக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு அதிகாரங்கள் என்ற கணக்கில், ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறையும் புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் முடியும். அருமையான அட்டவணைதான், ஆனால் மார்ச் இறுதியில் அது பலிகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமத்தை எட்டும்போது நம் மாணவருக்கு செமஸ்டர் தேர்வும் நெருங்கிவிடுகிறது. ஐந்து நாள் விட்டுப்போனால் இருபது அதிகாரங்கள் சேர்ந்துவிடும். அதைப் பார்த்த மலைப்பிலேயே பலர் முழுவதையும் கைவிடுகிறார்கள். விட்டுப்போன நாட்களுக்கேற்பத் தேதிகளைத் தள்ளி அமைத்துக்கொள்ளும் வசதியைச் செயலியே தருகிறது என்றாலும், அதைத் தேடிப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. முதலாண்டு மாணவருக்கு நான் பரிந்துரைப்பது நீதிமொழிகளைத்தான்: 31 அதிகாரங்கள், மாதத்துக்கு ஒரு சுற்று. தேர்வுக் காலத்துக்கு 119-ஆம் சங்கீதம் ஏற்றது. அதன் 176 வசனங்களும் எட்டெட்டாக 22 பகுதிகளாய் முன்பே பிரிந்திருப்பதால், அன்றைய பகுதியை மெதுவாக வாசித்து ஜெபிக்கப் பத்து நிமிடம் போதும்.

செயலியில் எனக்கு மனம் ஒப்பாத அம்சம், தொடர்ச்சியாக எத்தனை நாள் திறந்தோம் என்று காட்டும் ஸ்ட்ரீக் எண். தொடக்கத்தில் அது ஊக்கம் தருகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது எண்ணுவது செயலியைத் திறந்த நாட்களை. ஜெபித்த நாட்களை எந்தக் கருவியாலும் எண்ண முடியாது. நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பு, தூக்கக் கலக்கத்தில் அன்றைய வசனத்தைத் திறந்து உடனே மூடிவிட்டு எண்ணைக் காப்பாற்றிக்கொள்ளும் வழக்கம் மாணவரிடையே இருக்கிறது. எண் ஒருநாள் அறுந்துபோனால், அதோடு ஜெபமும் அறுந்துபோய்விட்டதாக எண்ணிச் சோர்ந்துவிடுகிறவர்களும் உண்டு. இந்தச் சோர்வுக்கு அடிப்படையே இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புதிய செயலொன்று தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டு ஜெபித்தான் என்று வாசிக்கும்போது (தானியேல் 6:10), அதற்கு முன்பும் அவன் அப்படியே செய்துவந்தான் என்றும் சேர்த்தே வாசிக்கிறோம். ஜெபத்தைத் தடைசெய்த ராஜகட்டளை வந்த நாளில் அவனைத் தாங்கியது அந்தப் பழைய வழக்கம். இடம், வேளை, முழங்கால் ஆகிய மூன்றையும் மாணவர் தாமே முடிவுசெய்ய வேண்டும்.

மாறாக, அதிகம் பேசப்படாத ஜெபப் பட்டியல்தான் இச்செயலியின் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து. விண்ணப்பத்தை எழுதி வைக்கலாம், விரும்பினால் மட்டும் நண்பர்களோடு பகிரலாம், பதில் கிடைத்ததும் குறித்துக்கொள்ளலாம். இரண்டு அரியர் வைத்திருந்த மாணவர் ஒருவர் முதலில் அதில் எழுதியிருந்தது, “படிப்பு நன்றாக நடக்க வேண்டும்” என்ற ஒரே வரி. என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள் என்றேன். அடுத்த வாரம் அந்த இடத்தில், “கணிதம் இரண்டாம் யூனிட், லாப்லாஸ் கணக்குகள், வியாழன் இரவுக்குள், புரியாவிட்டால் கூச்சப்படாமல் சாரிடம் கேட்கத் தைரியம் வேண்டும்” என்று இருந்தது. அதன் கீழே அறைத் தோழனின் தகப்பனாருக்கு நடக்கவிருந்த அறுவைச் சிகிச்சையின் தேதி. எதற்காக ஜெபிக்கிறோம் என்பது இவ்வளவு துலக்கமாகும்போது, எழுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதும் கூடவே துலங்கிவிடுகிறது. வேதம் சொல்லும் இச்சையடக்கமும் தெளிந்த புத்தியும் மாணவப் பருவத்தில் வளர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

எவ்வளவு நல்ல செயலியானாலும் அது இருப்பது கைப்பேசிக்குள் என்பதை மறக்கலாகாது. அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னார் ஆண்டவர் (மத்தேயு 6:6). நான்கு பேர் தங்கும் விடுதி அறையில் அப்படியொரு தனியிடம் கிடைப்பதே அரிது; கிடைத்தாலும், வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் திறந்திருக்கும் கைப்பேசியோடு உள்ளே போனால் கதவு திறந்தே கிடப்பதாகத்தான் பொருள். எங்கள் குழுவில் பலனளித்த முறை இது: அதிகாலை ஜெபத்தில் வாசிப்புக்கு அச்சிட்ட வேதாகமம், செயலியில் பார்ப்பது ஜெபப் பட்டியலை மட்டும், அதுவும் மற்ற அறிவிப்புகள் அனைத்தையும் நிறுத்திவைத்த பிறகு. அன்றைய வசனத்துக்கான அறிவிப்பு நேரத்தை நாமே அமைத்துக்கொள்ளலாம் என்பதால், அதை விடியற்காலையில் வைக்காமல், ஸ்டடி ஹாலில் உட்காரும் மாலை நேரத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. படிக்கத் தொடங்குமுன் ஒரு நிமிடம் தலை குனிய அது நினைவூட்டும்.

ஒரே திட்டத்தை நண்பர்கள் சேர்ந்து வாசித்து, அன்றன்று கருத்து எழுதும் வசதியும் இருக்கிறது. பெரிய குழுவில் ஒருவர் நின்றுபோனாலும் யாருக்கும் தெரிவதில்லை. ஆகவே ஒரே அறையிலோ ஒரே வகுப்பிலோ இருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொடங்குவது நல்லது. காலை மெஸ்ஸில் இட்லித் தட்டோடு எதிரே வந்து உட்காருகிறவர், “நேற்று ஏன் எழுதவில்லை?” என்று கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும்.