விட்ஃபீல்ட் வீடா, ஜார்ஜ்டவுன் கல்வீடா?

அமெரிக்கக் குடியேற்றக் காலக் கல்வீடுகளில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், கனெக்டிகட்டின் கில்ஃபோர்டில் உள்ள ஹென்றி விட்ஃபீல்ட் வீட்டைத்தான் சொல்வேன். 1639-இல் இங்கிலாந்திலிருந்து வந்த பியூரிட்டன் (கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) பாதிரியார் விட்ஃபீல்டுக்காகக் கட்டியது. புது ஊரில் அதுவே குடும்ப வீடு, கூடும் இடம், ஆபத்து வந்தால் கோட்டை. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்திலேயே மிகப் பழைய கல்வீடும் இதுதான். ஆனால் இன்று தெரியும் தோற்றத்தில் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டு மறுசீரமைப்பு. அதை மனதில் வைத்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள்.

வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுனில் உள்ள பழைய கல்வீடு 1765-ஐச் சேர்ந்தது, சின்னது. அது தப்பிய கதை அருமையானது: ஜார்ஜ் வாஷிங்டனோடு தொடர்புள்ள இடம் என்று தவறாக நம்பியதால்தான் இடிக்காமல் விட்டார்கள். 1953-இல் அரசு வாங்கியது. ஒரு மரத்தச்சர் கட்டிய சாதாரண வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் இதுதான் சரி. அப்புறம், நுழைவுக் கட்டணமும் கிடையாது.