பெயரைப் பிடித்துப் போவதா, ஊரைப் பிடித்துப் போவதா? ஸ்காட்லாந்து வேர்களைத் தேடும் வழிகள்

கனடாவிலோ நியூசிலாந்திலோ பிறந்து, மெக்டோனல்ட் என்றோ ஃப்ரேசர் என்றோ குடும்பப்பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வயதுக்கு மேல் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. நம் ஆட்கள் ஸ்காட்லாந்தில் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள்? பலரும் முதலில் செய்வது, தங்கள் பெயருக்குரிய கிளான் (ஸ்காட்லாந்துக் குலம்) சங்கத்தில் சேர்வது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் தாராளமாகச் சேருங்கள். ஆனால் முன்னோரைத் தேடும் வேலையை அங்கே தொடங்காதீர்கள்.

சங்கம் தருவது சின்ன விஷயம் இல்லை. ஆண்டுச் சந்தா பெரும்பாலும் சில பத்துப் பவுண்டுகளுக்குள் முடிந்துவிடும். அதற்கு இதழ் வரும், கூட்டங்களுக்கு அழைப்பு வரும், குலவரலாற்றைக் கரைத்துக் குடித்த ஒருவரிடம் சந்தேகம் கேட்கலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1956 முதல் நடக்கும் கிராண்ட்ஃபாதர் மலை விளையாட்டு விழாவுக்குப் போனால், ஒவ்வொரு கிளானுக்கும் ஒரு கூடாரம் இருக்கும். மேசைமேல் டார்டன் என்ற கட்டம் போட்ட குலத் துணி, பக்கத்தில் ஸ்காட்லாந்து வரைபடம். உள்ளே நுழைந்ததும் உங்கள் பெயரைக் கேட்பார்கள். அது பட்டியலில் இல்லையென்றால் அம்மா பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்பார்கள், அதுவும் இல்லையென்றால் பாட்டியுடையதை. எப்படியாவது உள்ளே சேர்த்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். குலதெய்வக் கோயிலில் முன்பின் பார்த்திராத பங்காளியை இலை போட்டு உட்கார வைப்பார்களே, அந்த மாதிரி.

சில சங்கங்கள் உண்மையிலேயே பெரிய காரியம் செய்திருக்கின்றன. மெக்ஃபர்சன் சங்கம் நியூட்டன்மோர் ஊரில் தனி அருங்காட்சியகம் நடத்துகிறது. மெக்லியோடுகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையில் உலகம் முழுவதிலுமிருந்து வந்து கூடுகிறார்கள். பக்கானன் சங்கம் 1725-இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. கஷ்டத்தில் இருக்கும் பக்கானன்களுக்கு உதவுவதே அதன் நோக்கம், இன்றைக்கும் செய்கிறது. அந்தக் குலத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தலைவர் இல்லை. 2018-இல்தான், குலச்சின்னங்களைக் கவனிக்கும் லார்ட் லயன் நீதிமன்றம் ஒருவரைத் தலைவராக ஏற்றது. அத்தனை தலைமுறை தலைவர் இல்லாமலும் சங்கம் நின்றது என்பதை நினைத்தால் மரியாதை வருகிறது.

சரி, அப்புறம் என்ன தயக்கம்? சங்கம் முழுக்கப் பெயரின்மேல் நிற்கிறது. ஸ்காட்லாந்தில் பெயர் அவ்வளவு நம்பகமான வழிகாட்டி இல்லை. கிளான் என்பது ரத்தவழிக் கூட்டம் மட்டும் அல்ல. தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர், அவர் பாதுகாப்பை நாடி வந்தவர் எல்லாம் அவர் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு மூட்டை மாவுக்காக ஃப்ரேசர் ஆனவர்கள் என்றே ஒரு கூட்டத்தாரைப் பற்றி இன்வர்னஸ் பக்கம் பேச்சு உண்டு. மெக்ரெகர்கள் கதை இதற்கு நேர் எதிர். 1603-இல் அந்தப் பெயரையே சட்டம் தடைசெய்தது. உயிர் பிழைக்க கேம்ப்பெல், மரே, டிரம்மண்ட், ஸ்டூவர்ட் என்று மாற்றிக்கொண்டார்கள். நடுவில் சில காலம் தடை விலகி, மறுபடி வந்து, 1774-இல்தான் ஒழிந்தது. பலர் பழைய பெயருக்குத் திரும்பவே இல்லை. கிளார்க், மில்லர் மாதிரித் தொழில்பெயர்களைச் சங்கங்கள் தங்கள் துணைப்பெயர்ப் பட்டியலில் சேர்ப்பதும் அப்படித்தான். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மில்காரர் இருந்திருப்பார், அவர்கள் எல்லோரும் எப்படி ஒரே குலமாக முடியும்? தெற்குச் சமவெளிக்காரர்களில் பலருக்குக் கிளான் வாழ்க்கையே கிடையாது.

இன்னொன்று என்னை உறுத்துவது. சங்கங்கள் சொல்லும் கதையில் கோட்டையும் போரும் தலைவரும்தான் முன்னால் நிற்கும். மேட்டுநிலக் கிளான்கள் பல அரசப் படையிடம் தோற்ற 1746 கலோடன் போருக்குப் பிறகு தலைவர்களின் பரம்பரை நீதி அதிகாரம் பறிபோனது. அவர்கள் மெல்ல மெல்ல வாடகை பார்க்கும் நிலக்கிழார்கள் ஆனார்கள். ஆட்டுப் பண்ணைக்காகத் தங்கள் குடிகளையே வெளியேற்றியவர்களும் உண்டு. சதர்லாண்ட் எஸ்டேட்டின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-லும் 1819-லும் குடும்பம் குடும்பமாகத் துரத்தினார்கள். திரும்பி வராமலிருக்க வீட்டுக் கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். கடல் தாண்டிப் போனவர்களில் இப்படி நிலம் இழந்தவர்கள் ஏராளம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தேட வேண்டியது தலைவரின் கோட்டையை அல்ல, அந்தக் கூரை போன வீடுகளை.

அதற்கு வழி, அரசாங்கப் பதிவேடு. ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற அதிகாரப்பூர்வத் தளத்தை ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக்காப்பகம் நடத்துகிறது. பெயர் தேடக் காசு இல்லை, ஆவணத்தின் படத்தைத் திறக்கத்தான் காசு. ஒன்றுக்குச் சுமார் ஒன்றரைப் பவுண்டு. இங்கே சொல்லும் நான்கு வழிகளில் (கிளான் சங்கம், பதிவேடு, டிஎன்ஏ, வட்டாரச் சங்கம்) என் முதல் ஓட்டு இதற்குத்தான்.

காரணம் அந்தச் சான்றிதழ்களின் தரம். பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாவற்றையும் கட்டாயமாகப் பதியும் சட்டம் அங்கே 1855 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு ஸ்காட்லாந்து இறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். இறந்தவரின் அப்பா பெயர், அவர் தொழில், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். அதே காலத்து இங்கிலாந்து இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரைப் பதியவே இடமில்லை. 1880-இல் எண்பது வயதில் இறந்த ஒரு கிழவியின் ஒற்றைத் தாள் உங்களை 1770-களில் பிறந்த இருவரிடம் கொண்டுபோய் விடலாம். முதல் ஆண்டான 1855-இன் பதிவு ஒன்று உங்கள் குடும்பத்தில் கிடைத்தால் அது புதையல். பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், அவர்கள் திருமணமான நாள், ஊர், ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள், அதில் இறந்தவர்கள் எத்தனை என்பது வரை எழுதியிருப்பார்கள். பதிவாளர்களுக்கு வேலை தாங்கவில்லை, அடுத்த ஆண்டே பாதியைக் குறைத்துவிட்டார்கள்.

1855-க்கு முன்னால் போனால் பாதை கரடுமுரடு. பழைய திருச்சபைப் பதிவேடுகளில் மிகப் பழையது 1553-ஐச் சேர்ந்தது, பெர்த்ஷயரின் எரல் ஊரில். ஆனால் மேட்டுநிலப் பகுதிகளில் பல ஊர்களுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான் பதிவே தொடங்குகிறது. 1783-இல் பதிவு ஒன்றுக்கு மூன்று பென்ஸ் வரி போட்டதும் பலர் பதியாமல் விட்டார்கள். கத்தோலிக்கர், பிரிந்துபோன சபைக்காரர் பெயர்களை வேறு ஏடுகளில் தேட வேண்டும்.

டிஎன்ஏ சோதனை இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. எல்லோரும் வாங்கும் சாதாரணச் சோதனை ஐந்தாறு தலைமுறைக்குள் இருக்கும் உறவினரைக் காட்டும், அவ்வளவுதான். அப்பா வழி ஆண்களைத் தொடரும் ஒய்-டிஎன்ஏ சோதனை அதைவிட ஆழம் போகும். மெக்டோனல்ட் தலைவர்களின் வழியில், 1164-இல் இறந்த சோமர்லெட் என்ற முன்னோருக்குரிய அடையாளத்தை அதில் கண்டுபிடித்தார்கள். அதே பெயர் வைத்திருக்கும் ஆண்களில் பெரும்பாலானோருக்கு அந்த அடையாளம் இல்லை. பெயர் வேறு, ரத்தம் வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மாறாக, வேறு பெயரில் இருக்கும் ஒருவர் மெக்ரெகர் வழியோடு பொருந்தும்போது, எந்தத் தாளிலும் இல்லாத ஒரு செய்தி கிடைக்கிறது. பெயர் தடையில் சிக்கிய குடும்பம் என்று சந்தேகமிருந்தால் இந்தச் சோதனைக்குச் செலவழிப்பது தகும். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம். ஒருமுறை கொடுத்த மரபுத் தகவல் உங்களுடையது மட்டுமல்ல, உங்கள் பிள்ளைகளுடையதும்கூட.

பலரும் கவனிக்காமல் விடும் வழி, வட்டாரக் குடும்ப வரலாற்றுச் சங்கம். அபர்தீனில், இன்வர்னஸில், கிளாஸ்கோவில் என்று பகுதிக்கொன்று இருக்கிறது. இவர்கள் பெயரைப் பார்ப்பதில்லை, ஊரைப் பார்க்கிறார்கள். கல்லறைத் தோட்டங்களுக்குப் போய், பாசி படிந்த கற்களில் உள்ளதை ஒவ்வொன்றாகப் படித்தெழுதிப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சிதைந்துபோன கல்வெட்டுகள் அந்தப் புத்தகங்களில் மட்டும்தான் இருக்கின்றன. பதிவேட்டில் ஒரு திருச்சபை ஊரின் பெயர் கிடைத்த அன்றே அந்தப் பகுதிச் சங்கத்துக்கு எழுதிவிடுங்கள்.

பெயருக்கு ஏற்ற குடும்பச் சின்னம் என்று கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கும் கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்காட்லாந்துச் சட்டப்படி சின்னம் ஒரு தனி மனிதருக்கு உரியது, குடும்பப்பெயருக்கு அல்ல. தலைவரின் முத்திரையை வார்ப்பட்டை வளையத்துக்குள் வைத்து அணியும் உரிமை மட்டுமே குலத்தாருக்கு உண்டு.

நம் ஊரில் ஸ்காட்லாந்துத் தாத்தா இருந்த குடும்பங்களும் இருக்கின்றன. சுவடிகளையும் ஊர் வரலாறுகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி, ஸ்டோர்னோவே ஊர்க்காரர்தானே. அப்படிப்பட்ட குடும்பத்தார் ஸ்காட்லாந்துக்கு முன்னால் லண்டனில் தேட வேண்டும். மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே ஊர்ப்பெயர் கிடைத்தால், அதற்குப் பிறகு எல்லோருக்கும் உள்ள அதே பாதைதான்.

ஆக, பதிவேட்டில் ஊரைக் கண்டுபிடியுங்கள், வட்டாரச் சங்கத்திடம் அந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள், முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் டிஎன்ஏ பாருங்கள். கிளான் சங்கத்தில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம், தோழமைக்காக. பயணம் போகிறவர்கள் எடின்பரோவில் ஒரு நாளை ஒதுக்கிவையுங்கள். அங்கே ஆவணக்காப்பகத்தின் தேடல் அறையில் சுமார் 15 பவுண்டு கட்டினால் நாள் முழுக்க எத்தனை படங்களையும் திறக்கலாம். இடத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.