டாப்பில் லைட் மாட்டப்போகிறீர்களா? எதிரி கல்லா, கிளையா?

வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் ரோட்டில், மூங்கில் கிளை ஒன்று என் மாருதி ஜிம்னியின் டாப்பில், அதாவது கூரையில், இருந்த நான்கு லைட்டில் இரண்டை வானம் பார்க்கத் திருப்பிவிட்டுப் போனது. கண்ணாடி உடையவில்லை. லைட்டுக்கு முன்னால் ஆசை ஆசையாக வாங்கிப் போட்டிருந்த கம்பி வலையில் ஒரு கீறல்கூட இல்லை. அடியிலிருந்த ஒற்றை போல்ட் மட்டும் சுழன்றிருந்தது. மறுபடி இறுக்கப் பார்த்தால் பிராக்கெட்டே வளைந்திருக்கிறது. எதற்குக் கவசம் தேவை என்று யோசிக்காமல் கவசம் வாங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பம்பரில் இருக்கும் லைட்டுக்கு எதிரி கல். முன்னால் போகும் வண்டியின் டயர் கிளப்பும் ஜல்லி நேராக வந்து அடிக்கும், அங்கே வலை வேண்டும். ஆறடி உயரத்துக்குக் கல் வருவது அபூர்வம். அங்கே வருவது கிளை. கிளை குத்துவதைவிடத் தள்ளுவதுதான் அதிகம். கடையில் இரண்டு இடத்துக்கும் ஒரே வலையைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பம்பரா, டாப்பா?

ஓடை கடப்பவர்களுக்கு டாப்பில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. எரிந்து சூடான லைட் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ரப்பர் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒரு வாரம் கழித்துக் கண்ணாடிக்குள் வியர்வை பூத்திருக்கும். டாப்பில் அந்தக் கவலை கிடையாது. சேறு அப்பாது, ரேடியேட்டருக்குப் போகும் காற்றும் மறைபடாது.

ஆனால் வெளிச்சத்தின் தரத்தில் டாப் தோற்கிறது. இதைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. நம் கண் இருக்கும் உயரத்துக்குப் பக்கத்திலிருந்தே ஒளி கிளம்பினால், பள்ளத்தின் நிழல் நம் பார்வைக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். ரோடு முழுக்க வெள்ளைவெளேரென்று தெரியும், பள்ளம் மட்டும் தெரியாது. பம்பரிலிருந்து தாழ்வாகப் போகும் ஒளியில் ஒரு சின்னக் கல்லுக்குக்கூட நீண்ட நிழல் விழும். கரடுமுரடான பாதையில் நாம் படிப்பது அந்த நிழலைத்தான்.

மூடுபனி இன்னும் மோசம். ஆடி மாதம் வால்பாறையில் மழையும் பனியும் சேர்ந்து இறங்கும்போது டாப் லைட்டைப் போட்டுப் பாருங்கள். கண்ணுக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். பனித்துளியில் பட்ட ஒளி வந்த வழியே கண்ணுக்குத் திரும்புகிறது. ஃபாக் லைட்டைத் தரையோடு தரையாக வைப்பதற்குக் காரணமே இதுதான். புழுதிக்கும் இதே கணக்கு. முன்னால் ஒரு வண்டி போகிறது என்றால் டாப் லைட்டை அணைத்துவிட வேண்டியதுதான்.

அப்படியானால் டாப்பில் எதற்கு மாட்ட வேண்டும்? தெளிந்த இரவில், மெதுவாகப் போகையில், மேட்டின் உச்சியில் மூக்கைத் தூக்கி நிற்கும் வண்டிக்கு அடுத்த பக்கம் கொஞ்சம் முன்னதாகவே தெரியும். மாட்டிக்கொண்ட வண்டியை வின்ச் போட்டு இழுக்கும்போது அந்த இடத்தையே பகலாக்கலாம். எனக்கு இந்த இரண்டும் போதும். பழைய ஜீப்களில் விண்ட்ஷீல்டு மடங்கும் கீல் போல்ட்டில் பிராக்கெட் வைத்துப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டுவார்கள். கான்வாஸ் டாப் வண்டிக்கு அதுவே கதி, பார்க்கவும் அழகு. ஆனால் விண்ட்ஷீல்டு ஓரத்தில் கூசும்.

கூச்சம் என்றதும் பானட் ஞாபகம் வருகிறது. டாப் லைட் வைத்த பாதிப் பேர் இரண்டே மாதத்தில் அதைப் போடுவதை விட்டுவிடுவதற்குக் காரணம் பானட்தான். சொந்த பானட்டில் ஒளி பட்டுத் தெறித்து, கண் சுருங்கிவிடும். அந்தக் காலத்து ரேலி வண்டிகளில் பானட்டுக்கு மினுக்கமில்லாத கறுப்பு அடித்ததும் இந்தக் கூச்சத்துக்காகத்தான். அதைவிட எளிய வழி, லைட்டைப் பின்னால் தள்ளுவது. டாப்பின் முன்விளிம்பே ஒளியை வெட்டி பானட்டைக் காப்பாற்றும். உத்தேசக் கணக்கு ஒன்று சொல்கிறேன். முன்விளிம்பிலிருந்து பானட்டின் நுனி ஒன்றரை மீட்டர் முன்னால், 70 செ.மீ. கீழே இருக்கிறது என்று வையுங்கள். லைட்டின் நடு டாப்பிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் இருந்தால், விளிம்பிலிருந்து 17 செ.மீ. பின்னால் வைத்தால் போதும். அதையே உயரமான கேரியரில் 15 செ.மீ. மேலே வைத்தால் 32 செ.மீ. தள்ள வேண்டும். இதனால் வண்டிக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் இருட்டாகும். ஆகட்டும், அதற்கு ஹெட்லைட் இருக்கிறது.

பின்னால் தள்ளுவதில் இன்னொரு லாபமும் உண்டு. விண்ட்ஷீல்டில் வழுக்கி மேலே ஏறும் கிளை லைட்டின் முகத்தில் அறையாமல் தாண்டிப் போக வாய்ப்பு அதிகம். லைட் எவ்வளவு தாழ்வாகவும் எவ்வளவு உள்ளேயும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முன்விளிம்பில் வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கும் லைட்கள் போட்டோவுக்குத்தான் நன்றாக இருக்கும்.

எதில் மாட்டுவது என்பது வண்டியைப் பொறுத்தது. ஜிம்னிக்கு டாப்பின் இரு ஓரத்திலும் மழைத்தண்ணீர் வடியும் கட்டர் இருக்கிறது, இந்தக் காலத்து வண்டிகளில் அரிதான வரம். கட்டர் கிளாம்ப் போட்டு, குறுக்கே ஒரு பைப் கொடுத்தால் ஓட்டை போட வேண்டியதே இல்லை. நண்பர் ஒருவரின் மூன்று கதவு மஹிந்திரா தாரில் ஹார்ட் டாப் ஃபைபர். அதில் நேரடியாக ஓட்டை போட்டு போல்ட் இறுக்கினார். அதிர்வில் ஓட்டையைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு ஓடியது. ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் உள்பக்கம் கையகல அலுமினியத் தகடு கொடுத்துச் சுமையைப் பரப்ப வேண்டும். தகர டாப் என்றால், அறுத்த விளிம்புக்குப் பிரைமர் அடிக்காமல் சிலிக்கானை மட்டும் பூசினால் துரு சிலிக்கானுக்கு அடியிலேயே வளரும். என் ஓட்டு: கட்டர் இருந்தால் கிளாம்ப், இல்லாவிட்டால் கேரியர், ஓட்டை கடைசி.

நான்கு வட்ட லைட்டா, நீளப் பட்டையாக வரும் ஒற்றை எல்.இ.டி. பாரா? மனசு வட்டத்தின் பக்கம், கணக்கு பாரின் பக்கம். பார் தட்டையாக இருப்பதால் கிளைக்குப் பிடி கொடுக்காது. இரண்டு முனையிலும் பிடிமானம் இருப்பதால் வட்ட லைட் மாதிரி ஒற்றைக்காலில் சுழலாது. ஆனால் வேகம் ஏற ஏற விசில் அடிக்கும். பின்னாலுள்ள, சூடு தணிக்கும் அலுமினியத் துடுப்புகளில் காற்று பிளந்து அதிர்வதால் வரும் சத்தம் அது. கதவு ஓரத்துக்கு ஒட்டும் யூ வடிவ ரப்பர் பீடிங்கைத் துடுப்பில் இடைவெளி விட்டுச் செருகினால் பெரும்பாலும் அடங்கும். வட்ட லைட்டில் ஒன்று போனால் ஒன்றை மாற்றலாம். பாரில் பாதி அணைந்தால் பெரும்பாலும் முழுசாகக் கழற்றிப் போட வேண்டியதுதான்.

வயரிங்கிலும் இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம். 55 வாட் ஹாலோஜன் நான்கு என்றால் 220 வாட், 12 வோல்ட்டில் 18 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டாப் வரை 4 மீட்டர், போக வர 8 மீட்டர். 1 சதுர மி.மீ. வயர் போட்டால் இரண்டரை வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 2.5 சதுர மி.மீ. என்றால் ஒரு வோல்ட், 4 என்றால் 0.6. ஒரு வோல்ட் குறைந்தாலே ஹாலோஜனின் ஒளி கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். லைட் டல்லடிக்கிறது என்று 100 வாட் பல்பு மாற்றி வயரைப் பொசுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல எல்.இ.டி. பாரின் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் சர்க்யூட் இருப்பதால் இந்தச் சின்னச் சரிவு அதற்கு ஒரு பொருட்டில்லை. 120 வாட் பார் 10 ஆம்பியர்தான் இழுக்கும். எதுவானாலும் அதிக மின்சாரத்தைத் தாங்கும் ரிலே சுவிட்ச் வேண்டும், ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வேண்டும், எர்த்துக்குத் தனி வயர் வேண்டும். பெயின்ட் அடித்த கிளாம்பை நம்பி எர்த் கொடுத்தால் லைட் நினைத்தபோது எரியும். ஜிம்னியில் ஜன்னலோரம் விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருப்பதால் உள்பக்க பில்லர் வழியாக வயர் இழுக்க எலக்ட்ரீஷியனை விடாதீர்கள்.

இனி கவசம். வலையைப் பற்றிச் சொல்லிவிட்டேன், டாப்புக்கு அது அலங்காரம். பாலிகார்பனேட் மூடி பரவாயில்லை, முள் கீறலைத் தான் வாங்கிக்கொண்டு லைட்டைக் காப்பாற்றும். அக்ரிலிக் மூடியை மட்டும் வாங்காதீர்கள், விரிசல் விடும். எல்.இ.டி.க்குக் கண்ணாடி மாதிரித் தெளிவான மூடியை அப்படியே விட்டுவிடலாம். ஹாலோஜனுக்கு மூடியைக் கழற்றிவிட்டுத்தான் லைட்டைப் போட வேண்டும். ஒருநாள் மறந்து பத்து நிமிடம் எரியவிட்டேன், மூடி அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது.

உண்மையில் வேலை செய்வது இரண்டு. ஒன்று, லைட்டுக்கு முன்னால் சாய்வாக வளைத்த பைப். லேத் பட்டறையில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “ஏனுங்க, கிளை எந்தப் பக்கமிருந்து வருமுங்க?” என்பதுதான். கடையில் யாரும் கேட்காத கேள்வி. பைப்பைச் செங்குத்தாக நிறுத்தாமல் பின்னோக்கிச் சாய்த்து, லைட்டின் தலைக்கு மேல் ஒரு விரற்கடை உயரம் விட்டு வளைத்துக் கொடுத்தார். கிளை ஏறி, வழுக்கி, லைட்டைத் தாண்டிப் போகிறது. கூடவே ஒவ்வொரு லைட்டின் முதுகுக்கும் ஒரு தாங்கு கம்பி. இனி தள்ளினாலும் சுழலாது.

இரண்டாவது, கிளைக்கம்பி. பம்பர் மூலையிலிருந்து கேரியரின் முன்மூலைக்கு இழுத்துக் கட்டும் ஸ்டீல் வயர் ரோப். 1980 முதல் 2000 வரை நடந்த கேமல் டிராபி என்ற சாகசப் போட்டியின் மஞ்சள் லேண்ட் ரோவர்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். அமேசான், போர்னியோ என்று காட்டுக்குள் புகுந்த வண்டிகளில் டாப் லைட் வரிசையும் இந்தக் கம்பியும் சேர்ந்தேதான் இருக்கும். கிளையை விண்ட்ஷீல்டிலேயே பட விடாது என்பதால் பைப்பைவிட மேல். ஆனால் கட்டுவதற்கு இரும்பு பம்பர் வேண்டும். ஜிம்னியின் பிளாஸ்டிக் பம்பரில் கட்டினால் முதல் கிளையிலேயே பம்பர் கையோடு வரும். வீணைத் தந்தி மாதிரி முறுக்கவும் கூடாது. வண்டியின் உடல் முறுக்கும்போது கம்பி கேரியரைப் பிய்க்கும், அதனால் ஒரு முனையில் ஸ்பிரிங் வேண்டும். ஊருக்குள் வந்தால் கழற்றிவிட வேண்டும். மஹிந்திரா தாருக்கும் ஃபோர்ஸ் கூர்க்காவுக்கும் இரும்பு பம்பர் போட்டிருந்தால் கிளைக்கம்பிதான் என் தேர்வு. என் வண்டிக்குப் பைப்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 111ஆம் விதிப்படி வண்டியின் முன்புறம் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ இருக்கக்கூடாது. விதிவிலக்கான சூழலில், பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு மட்டும் வைக்கலாம். ‘மூடி போட்டால் பரவாயில்லை’ என்று சொல்லிக்கொள்வதெல்லாம் நம் வசதிக்கு. விதி எரிவதைப் பற்றிப் பேசவில்லை, இருப்பதைப் பற்றிப் பேசுகிறது. காட்டு ரோட்டில் விலங்கின் மேல் லைட் அடித்தால் செக்போஸ்ட்டில் வேட்டைக்காரன் என்றுதான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும்.

அதனால்தான் கிளாம்ப் என்கிறேன். எஸ்டேட் கேட் தாண்டியதும் நான்கு கிளாம்ப், ஒரு வாட்டர்ப்ரூஃப் கனெக்டர். பைப்போடு லைட்டைத் தூக்கி வைத்து இறுக்க எனக்கு 12 நிமிடம் ஆகிறது. திரும்பும்போது கழற்றிப் பழைய போர்வையில் சுருட்டிப் பின்சீட்டில் போட்டுவிடுவேன். டாப்பில் மிஞ்சுவது கனெக்டரின் ஒரு பாதி மட்டும். அதன் வாயைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு மூடி போட மறந்துவிடாதீர்கள். வாட்டர் சர்வீஸ் பையன் பிரஷர் பைப்பை முதலில் பிடிப்பதே அங்கேதான்.